ஜெனரிக் வகைகளும் நிரலின் வாக்குறுதியும்

1996இல் வெளிவந்த ஜாவாவின் முதல் பதிப்பில் ஓர் ஓட்டை தெரிந்தே விடப்பட்டது. சரங்கள் மட்டும் இருக்க வேண்டிய ஓர் அரேயை ‘ஆப்ஜெக்ட்டுகளின் அரே’ என்று சொல்லி ஒரு மெத்தடிடம் கொடுக்கலாம், கம்பைலர் தடுக்காது. அந்த மெத்தட் அதற்குள் ஒரு தேதியைத் திணிக்கப் பார்த்தாலும் தடுக்காது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ‘அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்’ என்ற பிழை கிளம்பி வேலை நின்றுபோகும். ஏன் இப்படி விட்டார்கள்? ஓர் அரேயை வரிசைப்படுத்தும் வழிமுறை, அதில் இருப்பவை சரங்களா தேதிகளா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. அதை ஒரே ஒரு தடவை எழுதி எல்லா அரேக்களுக்கும் பயன்படுத்த வேண்டுமென்றால், எல்லா அரேக்களையும் ‘ஆப்ஜெக்ட்டுகளின் அரே’ என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவருவதைத் தவிர அன்றைய ஜாவாவில் வேறு வழி இல்லை. இந்த வசதிக்கான விலையாக, ஓர் அரேக்குள் ஆப்ஜெக்ட் ஒன்றை வைக்கும்போதெல்லாம் ஜாவா மெய்நிகர் எந்திரம் அதன் வகையைச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2002இல் வந்த சி ஷார்ப்பும் இதே விதியை எடுத்துக்கொண்டது.

பட்டியல்களின் நிலை இதைவிட மோசம். 2004 வரை ஜாவாவின் பட்டியல் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். வெளியே தரும்போது ‘இது ஓர் ஆப்ஜெக்ட்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. உள்ளே போட்டது சரம் என்று நிரலாளருக்குத் தெரியும், பட்டியலுக்குத் தெரியாது. ஆகவே எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘இதைச் சரமாகக் கொள்’ என்று காஸ்ட் எழுத வேண்டும். எழுதும் சிரமத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிழை நேரும் இடமும் பிழை வெளிப்படும் இடமும் வெகுதூரம் விலகிப்போவதுதான் உண்மையான தொல்லை. தவறான பொருளை ஒருவர் ஒரு கோப்பில் உள்ளே போட்டிருப்பார். மாதங்கள் கழித்து வேறொருவர் எழுதிய வேறொரு கோப்பில், முற்றிலும் சரியான வரியில், காஸ்ட் உடைந்து விழும். குற்றம் செய்யாத வரியில் பிழைச் செய்தி நிற்கும்.

இந்த இடைவெளியை மூட வந்தவைதான் ஜெனரிக் வகைகள். ‘பட்டியல்’ என்பதை முழுமையான வகையாக அறிவிக்காமல், ‘டி என்னும் ஏதோ ஒரு வகையின் பட்டியல்’ என்று அறிவிக்கிறோம். இங்கே ‘டி’ ஒரு வகைமாறி. கணிதத்தில் எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் நிற்பதைப்போல, நிரலில் வகைக்குப் பதிலாக டி நிற்கிறது. பயன்படுத்துபவர் டி-க்குச் சரத்தைக் கொடுத்தால் அது சரங்களின் பட்டியல். தேதியைக் கொடுத்தால் தேதிகளின் பட்டியல். சரங்களின் பட்டியலுக்குள் தேதியைப் போட முயன்றால், போடும் அந்த வரியிலேயே, நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் நிறுத்திவிடும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகின்றன. ‘ஒரே நிரலைப் பல வகைகளுக்குப் பயன்படுத்தலாம்’ என்பதே ஜெனரிக்கின் பயன் என்று அவை சொல்கின்றன. அந்தப் பயன் பழைய ஆப்ஜெக்ட் பட்டியலிலேயே இருந்தது. சொல்லப்போனால் அது எதையும் மறுக்கவில்லை என்பதால் இன்னும் தாராளமாகவே இருந்தது. ஜெனரிக் கொண்டுவந்தது நினைவை. உள்ளே போகும் பொருளின் வகைக்கும் வெளியே வரும் பொருளின் வகைக்கும் இடையே ஓர் உறவை அது எழுதிவைக்கிறது. ஒரே டி இரண்டு இடங்களில் வரும்போது அந்த இரண்டு இடங்களும் கட்டப்படுகின்றன. ஜெனரிக்கைப் புரிந்துகொள்வது என்றால், என் பார்வையில், இந்தக் கட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான்.

இந்தச் சிந்தனை ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளில் பிறந்ததல்ல. 1967இல் கோபன்ஹேகனில் நடந்த ஒரு கோடைப் பள்ளியில் ஆற்றிய உரைகளில், பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி இரண்டு விதமான பல்வகைமையைப் பிரித்துக் காட்டினார். கூட்டல் குறி முழு எண்ணுக்கு ஒரு விதமாகவும் தசம எண்ணுக்கு வேறு விதமாகவும் வேலை செய்கிறது; பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் ஒரு பட்டியலின் நீளத்தை எண்ணும் செயல், உள்ளே என்ன இருந்தாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். இந்த இரண்டாவது விதம்தான் நம் ஜெனரிக்கின் வேர். எடின்பரோவில் ராபின் மில்னர் 1970களில் உருவாக்கிய எம்எல் மொழியில் இது நடைமுறைக்கு வந்தது. நிரலாளர் வகைகளை எழுதாமலே கம்பைலர் அவற்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும் முறையையும் அவருடைய 1978ஆம் ஆண்டுக் கட்டுரை நிறுவியது. அதே பத்தாண்டில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவின் குழு வடிவமைத்த சிஎல்யு மொழியில், வகைமாறிக்கு நிபந்தனை விதிக்கும் வசதியும் இருந்தது: ‘எந்த வகையானாலும் சரி, அதில் சமம் பார்க்கும் செயல் இருக்க வேண்டும்’ என்று எழுதலாம். 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியும் ஜெனரிக் தொகுப்புகளைக் கொண்டிருந்தது.

ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகள் ஏன் தாமதித்தன என்றால், அவற்றின் கையில் மரபுரிமை இருந்தது. எல்லா கிளாஸ்களும் ஒரே மூதாதையிடமிருந்து வருமானால், அந்த மூதாதைக்காக எழுதிய நிரல் எல்லோருக்கும் பொருந்திவிடும் அல்லவா? இந்த நம்பிக்கையை முதலில் முறையாக அலசியவர் ஐஃபல் மொழியை உருவாக்கிய பெர்ட்ராண்ட் மேயர். 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஜெனரிக்கையும் மரபுரிமையையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டது. மரபுரிமையைக்கொண்டு ஜெனரிக்கைச் சுற்றிவளைத்தாவது போலிசெய்ய முடியும், மறுபக்கம் முடியாது என்று கண்டார்; ஆனால் அந்தப் போலி அவ்வளவு அலங்கோலமாக இருப்பதால் ஒரு மொழிக்கு இரண்டும் தேவை என்ற முடிவுக்கு வந்தார். சி ப்ளஸ் ப்ளஸ் மொழிக்கு ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் 1988இல் டெம்ப்ளேட்டுகளை முன்மொழிந்தார். அது வேறு வழி: கொடுக்கப்படும் ஒவ்வொரு வகைக்கும் கம்பைலர் தனிப் பிரதி ஒன்றைத் தயாரிக்கிறது. வேகம் கிடைத்தது, ஆனால் டி-யிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை எழுதிவைக்கும் முறை 2020ஆம் ஆண்டுத் தரநிலை வரை வரவில்லை. அதனால் ஒரு சின்னத் தவறுக்குப் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி வரும் என்பதை அந்த மொழியில் வேலை செய்த எவரும் அறிவர்.

ஜெனரிக் மெத்தட் ஒன்றின் தலைப்பு மட்டும் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘டி எந்த வகையானாலும், டி-களின் பட்டியல் ஒன்றை வாங்கி, டி-களின் பட்டியல் ஒன்றைத் திருப்பித் தருவேன்’ என்று அது சொல்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்க்கவில்லை. அது என்னவெல்லாம் செய்யக்கூடும்? வரிசையைப் புரட்டலாம், சிலவற்றை விட்டுவிடலாம், சிலவற்றை இரட்டிக்கலாம். வாங்கிய பட்டியலில் இல்லாத புதிய டி ஒன்றை அதனால் உண்டாக்க முடியாது. டி என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாதே. உறுப்புகளைப் பெரியது சிறியது என்று ஒப்பிடவும் முடியாது. இதே மெத்தட் முழு எண்களின் பட்டியலை வாங்கி முழு எண்களின் பட்டியலைத் தருவதாக இருந்தால் நம்மால் எதையும் சொல்ல முடியாது. கூட்டியிருக்கலாம், பெருக்கியிருக்கலாம், எல்லாவற்றையும் பூஜ்யமாக்கியிருக்கலாம். மெத்தடுக்கு டி-யைப் பற்றித் தெரிவது குறையக் குறைய, அந்த மெத்தடைப் பற்றி நமக்குத் தெரிவது கூடுகிறது. ஜான் ரெனால்ட்ஸ் 1983இல் இதற்குக் கணித அடித்தளம் தந்தார். ஃபிலிப் வாட்லர் 1989இல், தலைப்பை மட்டும் பார்த்தே தேற்றங்களை வருவிக்கலாம் என்று காட்டினார்.

நடைமுறை ஜாவாவில் இந்த உறுதி முழுமையாக இல்லை. நல் என்ற வெறுமையை எந்த வகையின் பெயரிலும் திருப்பித் தரலாம். ஓடும்போது ஆப்ஜெக்ட்டின் உண்மையான கிளாஸைக் கேட்டறிந்து ஏமாற்றலாம். ஆனாலும் நல்ல நூலகங்களை எழுதுபவர்கள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். வகைமாறிக்கு வரம்பு விதிக்கும்போது, வேலைக்கு எவ்வளவு குறைந்தபட்சம் தேவையோ அவ்வளவை மட்டுமே கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் நேரடிப் பாடம். வரிசைப்படுத்துவதற்கு ‘ஒப்பிடத்தக்கது’ என்ற தகுதி போதும் என்றால், டி ஒரு ‘கணக்கு’ ஆக இருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. அதிகம் கேட்டால் பயன்படுத்தக்கூடியவர்கள் குறைவார்கள். அதைவிட முக்கியமாக, நம் மெத்தடுக்குத் தவறு செய்யும் வாய்ப்புகள் கூடிவிடும்.

மரபுரிமையும் ஜெனரிக்கும் சந்திக்கும் முனையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வங்கி மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘கணக்கு’ என்று ஒரு கிளாஸ். ‘சேமிப்புக் கணக்கு’, ‘நடப்புக் கணக்கு’ இரண்டும் அதன் துணைவகைகள். வட்டி கணக்கிடும் மெத்தட் சேமிப்புக் கணக்கில் மட்டும் உண்டு. கணக்கு கேட்கும் இடத்தில் சேமிப்புக் கணக்கைக் கொடுக்கலாம். அப்படியானால் கணக்குகளின் பட்டியல் கேட்கும் இடத்தில் சேமிப்புக் கணக்குகளின் பட்டியலைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்றே மனம் சொல்லும். கம்பைலர் மறுக்கும்போது, அது தேவையில்லாமல் கெடுபிடி செய்வதாகத் தோன்றும். கொடுக்க விட்டால் நடப்பது இது: வாங்கியவர் அதைக் கணக்குகளின் பட்டியல் என்று நம்புகிறார். கணக்குகளின் பட்டியலில் நடப்புக் கணக்கைச் சேர்ப்பதில் தவறேதும் இல்லை, சேர்க்கிறார். அசல் உரிமையாளர் தன் பட்டியல் முழுவதும் சேமிப்புக் கணக்குகள்தான் என்று நம்பி, ஒவ்வொன்றிடமும் வட்டி கேட்கிறார். நடப்புக் கணக்கிடம் வட்டி இல்லை. இருவரும் தங்கள் வரம்புக்குள்தான் நடந்துகொண்டார்கள், நிரல் உடைகிறது. 1996இல் அரேக்களில் விடப்பட்ட ஓட்டை இதேதான். ஐஃபலும் இந்த இடத்தில் சறுக்கியது: ஜெனரிக் வகைகள் மரபுரிமையோடு கூடவே மாறலாம் என்று அது அனுமதித்ததால் வரும் பாதுகாப்புக் குறையை 1989இல் வில்லியம் குக் எடுத்துக்காட்டினார்.

கெடுதல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், உள்ளே போட்டதிலிருந்து வந்தது. எடுக்க மட்டும் செய்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சேமிப்புக் கணக்குகளின் பட்டியலிலிருந்து எதை எடுத்தாலும் அது ஒரு கணக்குதான். மொத்த இருப்பைக் கூட்டிச் சொல்லும் மெத்தடுக்கு அந்தப் பட்டியலைத் தைரியமாகக் கொடுக்கலாம். போட மட்டும் செய்யும் இடத்தில் திசை தலைகீழாகிறது. புதிதாகத் திறந்த சேமிப்புக் கணக்குகளை ஒரு பட்டியலில் சேர்க்கும் மெத்தடுக்கு, சேமிப்புக் கணக்குகளின் பட்டியலையும் கொடுக்கலாம், எல்லாக் கணக்குகளுக்குமான பட்டியலையும் கொடுக்கலாம். இரண்டிலுமே சேமிப்புக் கணக்கு அடங்கும். ஒப்பிடும் கருவிக்கும் இதே தலைகீழ்த் திசைதான்: எந்த இரண்டு கணக்குகளையும் இருப்புத்தொகையை வைத்து ஒப்பிடத் தெரிந்த ஒன்றுக்கு, இரண்டு சேமிப்புக் கணக்குகளை ஒப்பிடத் தெரியாதா?

ஜாவாவின் வைல்டுகார்டு இந்த இரண்டு திசைகளையும் எழுத வந்த குறியீடு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து அதை வடிவமைத்தார்கள். கேள்விக்குறிக்குப் பின் ‘எக்ஸ்டெண்ட்ஸ் கணக்கு’ என்று எழுதினால், ‘கணக்கோ அதன் ஏதோ ஒரு துணைவகையோ, நான் எடுக்க மட்டும் செய்வேன்’ என்று பொருள். ‘சூப்பர் சேமிப்புக் கணக்கு’ என்று எழுதினால், ‘சேமிப்புக் கணக்கோ அதன் ஏதோ ஒரு மூதாதையோ, நான் போட மட்டும் செய்வேன்’ என்று பொருள். பொருளைத் தருபவருக்கு எக்ஸ்டெண்ட்ஸ், வாங்கிக்கொள்பவருக்கு சூப்பர் என்று ஜோஷுவா பிளாக் தன் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் இதைச் சுருக்கினார். அந்தச் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுக் காரணம் தெரியாமல் விழிப்பவர்களை நேர்முகத் தேர்வுகளில் பார்க்கலாம். வங்கிப் பட்டியலை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தவருக்குச் சூத்திரம் தேவைப்படாது.

சி ஷார்ப், ஸ்காலா, கோட்லின் மொழிகள் இதே திசையை வேறு இடத்தில் எழுதவைத்தன. பயன்படுத்துபவர் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்லை. வகையை உருவாக்குபவர் ‘இந்த டி வெளியே மட்டும் போகும்’, ‘இந்த டி உள்ளே மட்டும் வரும்’ என்று ஒரே தடவை அறிவித்துவிடலாம். சி ஷார்ப் 2010இல் வந்த நான்காம் பதிப்பில் ‘அவுட்’, ‘இன்’ என்ற சொற்களால் இதைச் செய்தது. எனக்கு இந்த வழியே மேலானதாகப் படுகிறது. ஒரு நூலகத்தை எழுதுபவர் சிலர், பயன்படுத்துபவர் பல ஆயிரம் பேர். சுமையைச் சிலர் தாங்குவதே முறை. ஆனால் போடவும் எடுக்கவும் இரண்டுக்கும் இடம்தரும் பட்டியலுக்கு இந்த அறிவிப்பு உதவாது. சி ஷார்ப்பின் சாதாரணப் பட்டியல் இன்றும் எந்தத் திசையிலும் வளைந்துகொடுப்பதில்லை. வளையக் கூடாது என்பதுதான் சரி.

ஜாவாவில் ஜெனரிக் பற்றிப் பேசினால், வகை அழிப்பைப் பற்றிய புகார் வந்தே தீரும். அந்தப் புகாரின் பின்னால் உள்ள வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மார்ட்டின் ஒடர்ஸ்கியும் ஃபிலிப் வாட்லரும் 1997இல் பீட்ஸா என்ற ஜாவா நீட்சியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுட்டமைர் ஆகியோரும் சேர, ஜிஜே என்ற வடிவம் வந்தது. அதுவே 2004 செப்டம்பரில் வெளியான ஜாவா 5இன் ஜெனரிக்குக்கு அடிப்படை. அப்போது ஜாவா எட்டு ஆண்டு வளர்ந்த மொழி. உலகெங்கும் கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூட உடையக் கூடாது என்பது விதிக்கப்பட்ட நிபந்தனை. நூலகம் முதலில் ஜெனரிக்குக்கு மாறலாம், அதைப் பயன்படுத்தும் நிரல் பிறகு மாறலாம், அல்லது மாறாமலே இருக்கலாம்; எந்த வரிசையில் நடந்தாலும் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

அதற்குக் கண்ட வழிதான் அழிப்பு. கம்பைலர் எல்லா வகைமாறிகளையும் சோதித்து முடித்ததும் அவற்றை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அவற்றின் வரம்பை, வரம்பு இல்லையேல் ஆப்ஜெக்ட்டை, எழுதிவிடுகிறது. நிரலாளர் முன்பு கையால் எழுதிய காஸ்ட்டுகளை இப்போது கம்பைலரே உள்ளே செருகுகிறது. ஓடும் நேரத்தில் சரங்களின் பட்டியலும் தேதிகளின் பட்டியலும் ஒன்றுதான், வெறும் பட்டியல். கிளாஸ் அறிவிப்புகளிலும் மெத்தட் தலைப்புகளிலும் எழுதிய ஜெனரிக் விவரம் கோப்பில் ஒரு குறிப்பாகத் தங்கியிருக்கும். உருவான ஆப்ஜெக்ட் மட்டும் தன் டி-யை அறியாது.

இந்த நிபந்தனை எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதை ஜாவா நூலகத்தின் ஒரே ஒரு மெத்தட் காட்டிவிடும். கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள ‘மேக்ஸ்’ ஒரு தொகுப்பிலிருந்து மிகப்பெரிய உறுப்பைத் தருவது. அதன் டி-க்கு இயல்பாக என்ன வரம்பு விதிப்போம்? ‘டி, டி-யோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும்’ என்போம். அது போதாது. நம் வங்கியில் ஒப்பிடும் திறன் ‘கணக்கு’ கிளாஸில் எழுதப்பட்டிருக்கும். சேமிப்புக் கணக்கு அதை மரபாகப் பெறுகிறது. அதாவது சேமிப்புக் கணக்கு, பொதுவாகக் கணக்குகளோடு ஒப்பிடத்தக்கது. ‘சேமிப்புக் கணக்கோடு ஒப்பிடத்தக்கது’ என்று தனியாக எங்கும் அறிவிக்கப்படவில்லை. எனவே ‘டி-யோடோ டி-யின் ஏதோ ஒரு மூதாதையோடோ ஒப்பிடத்தக்கது’ என்று வரம்பைத் தளர்த்த வேண்டும். வாங்கும் தொகுப்பிலிருந்து எடுக்க மட்டும் செய்வதால், அதற்கு எக்ஸ்டெண்ட்ஸ் வைல்டுகார்டு. இதுவரை எல்லாம் நாம் மேலே பார்த்த தர்க்கம்தான்.

ஆனால் உண்மையான தலைப்பில் இன்னொரு சொல் இருக்கிறது. டி முதலில் ஆப்ஜெக்ட்டாக இருக்க வேண்டும், அதோடு ஒப்பிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஜாவாவில் எல்லா கிளாஸ்களும் ஆப்ஜெக்ட்டின் பிள்ளைகள்தானே, இதை ஏன் எழுத வேண்டும்? காரணம் அழிப்பில் இருக்கிறது. டி அழியும்போது அதன் முதல் வரம்பு அந்த இடத்தில் வந்து உட்காரும். ‘ஒப்பிடத்தக்கது’ முதலில் இருந்தால், அழிந்தபின் மேக்ஸ் மெத்தட் ‘ஒப்பிடத்தக்கது’ என்ற வகையைத் திருப்பித் தருவதாக மாறிவிடும். 2004க்கு முந்தைய மேக்ஸ் திருப்பித் தந்ததோ ஆப்ஜெக்ட். பழைய காலத்தில் கம்பைல் செய்த நிரல், ஆப்ஜெக்ட்டைத் தரும் மேக்ஸைத் தேடிவந்து, அப்படி ஒன்று இல்லை என்று விழுந்துவிடும். அந்தப் பழைய நிரல்களுக்காகத்தான் ஆப்ஜெக்ட் என்ற சொல் முதலில் நிற்கிறது. பார்க்கத் தேவையற்றதாகத் தோன்றும் ஒரு சொல்லில் இத்தனை பொறுப்பு தங்கியிருப்பதைக் காணும்போது, வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்தக் கவனத்துக்கான விலையை நிரலாளர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். டி வகையில் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்க முடியாது. டி-களின் அரேயை நேரடியாக உருவாக்க முடியாது. ஓர் ஆப்ஜெக்ட்டைக் காட்டி ‘இது சரங்களின் பட்டியலா?’ என்று கேட்க முடியாது. சரங்களின் பட்டியலுக்கு ஒன்று, தேதிகளின் பட்டியலுக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு மெத்தட்டுகளை ஒரு கிளாஸில் வைக்க முடியாது, அழிந்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும். இவற்றையெல்லாம் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘ஓடும்போது டி இல்லை’ என்ற ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

நினைவகத்தில்தான் அடி பலமாக விழுகிறது. அழிந்த இடத்தில் ஆப்ஜெக்ட் வந்து உட்கார்வதால், ‘இன்ட்’ போன்ற அடிப்படை எண் வகைகளை டி-க்குக் கொடுக்க முடியாது. ஒவ்வோர் எண்ணையும் ‘இன்டிஜர்’ என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் அடைத்தாக வேண்டும். ஹாட்ஸ்பாட் என்னும் வழக்கமான 64 பிட் ஜாவா எந்திரத்தில் அந்த ஆப்ஜெக்ட் 16 பைட் எடுக்கும், அதைச் சுட்டும் முகவரி இன்னொரு 4 பைட். பத்து லட்சம் எண்களைச் சாதாரண அரேயில் வைத்தால் 40 லட்சம் பைட். பட்டியலில் வைத்தால் ஏறத்தாழ 2 கோடி பைட். எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இல்லாமல் சிதறிக் கிடப்பதால் வரும் தாமதம் வேறு. இதைச் சரிசெய்ய ஜாவா குழுவினர் 2014இல் வல்ஹல்லா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்கு மேலாகியும் வேலை தொடர்கிறது என்பதிலிருந்தே சிக்கலின் ஆழம் தெரியும்.

கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் எதிர்த்திசையில் போனார்கள். அவர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையின் வடிவமைப்பு, சி ஷார்ப் நிரல்கள் ஓடும் டாட்நெட் எந்திரத்துக்கே வகைமாறிகளைக் கற்றுக்கொடுத்தது. ஆப்ஜெக்ட் வகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எந்திர நிரல் பகிரப்படும். இன்ட் போன்ற ஒவ்வொரு மதிப்பு வகைக்கும் தனி நிரல் ஓடும்போதே உருவாகும். எண்களின் பட்டியல் எண்களையே அடுத்தடுத்து வைத்திருக்கும், ஓர் ஆப்ஜெக்ட்டைக் கேட்டால் தன் டி என்னவென்று சொல்லும். 2005இல் இது சி ஷார்ப்பின் இரண்டாம் பதிப்போடு வெளிவந்தது. பழைய தொகுப்பு கிளாஸ்களை அப்படியே ஒதுக்கிவிட்டு, பக்கத்திலேயே புதிய ஜெனரிக் தொகுப்புகளைத் தனியாக வைத்தார்கள். டாட்நெட் அப்போது மூன்று வயதுக் குழந்தை. பழைய நிரலின் பாரம் குறைவு. நுட்பத்தை மட்டும் பார்த்தால் சி ஷார்ப்பின் வழி உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2004இல் ஜாவா அந்த வழியில் போயிருந்தால், உலகின் ஜாவா நூலகங்கள் பழையது புதியது என்று இரண்டாகப் பிளந்திருக்கும்.

அழிப்புக்கு யாரும் எதிர்பாராத ஒரு நன்மையும் பின்னால் வெளிப்பட்டது. 2016இல் நடா அமினும் ராஸ் டேட்டும், காஸ்ட் ஒன்றுகூட எழுதாமல், ஜாவா 5இன் விதிகளை முழுக்க மதித்து, எந்த வகையையும் எந்த வகையாகவும் மாற்றிவிடும் ஒரு சிறு நிரலைக் காட்டினார்கள். வைல்டுகார்டும் நல்லும் சேரும் இடத்தில் அந்தத் துளை இருந்தது. ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாத வரம்புகளைக் கொண்ட ஒரு வகைக்குச் சான்றாக ஓர் ஆப்ஜெக்ட்டைக் காட்டு என்றால், அப்படி ஓர் ஆப்ஜெக்ட் இருக்க முடியாது. ஆனால் நல் எந்த வகையின் பெயரிலும் வந்து நின்றுவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் இது படவில்லை. ஆனாலும் ஜாவா எந்திரத்தின் பாதுகாப்பு உடையவில்லை. எந்திரத்துக்கு ஜெனரிக்கே தெரியாது என்பதால், அது கம்பைலரின் முடிவை நம்பாமல், உள்ளே செருகப்பட்ட காஸ்ட்டுகளைத் தானே சோதிக்கிறது. தவறான பொருள் அங்கே பிடிபடுகிறது.

அன்றாட வேலையில் இவையெல்லாம் எங்கே வந்து முடிகின்றன? ஒரு மெத்தடின் தலைப்பில் டி ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்றால் அது எதையும் எதோடும் கட்டவில்லை. அங்கே வைல்டுகார்டே போதும். திருப்பித் தரும் வகையில் வைல்டுகார்டை வைத்தால், வாங்குபவர் தலையில் நம் ஐயத்தைக் கட்டிவிடுகிறோம், தவிர்க்க வேண்டும். ஒரு கிளாஸுக்கு மூன்று நான்கு வகைமாறிகள் தேவைப்பட்டால், அது பெரும்பாலும் இரண்டு கிளாஸ்கள் ஒட்டிக்கொண்டிருப்பதன் அறிகுறி. வகை இல்லாத வெறும் ‘பட்டியல்’ என்று புதிய நிரலில் எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அது பழைய நிரல்களோடு சேர்ந்து வாழ விட்ட வாசல். உறவு எதுவும் இல்லாத இடத்தில் ஜெனரிக்கே வேண்டாம். ஓர் இன்டர்ஃபேஸ் போதும் என்னும் இடத்தில் வகைமாறியைச் சேர்ப்பவர்கள், படிப்பவரின் நேரத்தைத்தான் செலவழிக்கிறார்கள்.

‘சோதிக்கப்படாதது’ என்று கம்பைலர் தரும் எச்சரிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் வகைப் பொருத்தத்தை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை, பொறுப்பு உன்னுடையது என்று கம்பைலர் கைவிரிக்கும் இடம் அது. அதை ஒரு குறிப்பால் வாயடைத்துவிடலாம். ஒரு கிளாஸின் தலையில் அந்தக் குறிப்பைப் போட்டு மொத்தமாக அமுக்கிவிடுபவர்களும் உண்டு. எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஜாவாவின் சொந்த அரேலிஸ்ட் கிளாஸைத் திறந்து பார்க்கலாம். டி-களின் அரேயை உருவாக்க முடியாது என்பதால், அதன் வயிற்றில் இருப்பது ஆப்ஜெக்ட்டுகளின் அரேதான். வெளியே தரும்போது அதை டி-யாகக் காஸ்ட் செய்தாக வேண்டும், எச்சரிக்கை வந்தே தீரும். அந்தக் காஸ்ட்டை எடுத்து, வெளியிலிருந்து அணுக முடியாத ஒரு சின்ன மெத்தடுக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் உடல் ஒரே வரி, எச்சரிக்கையை அமுக்கும் குறிப்பு அந்த மெத்தடின்மேல் மட்டும். உறுப்பை எண்ணால் எடுத்துத் தரும் மெத்தட் அந்த ஒரு வரியின் வழியாகவே போகிறது. அந்த வரி சரி என்று கம்பைலரால் நிரூபிக்க முடியாது. சேர்க்கும் மெத்தட்டுகள் டி-யைத் தவிர வேறெதையும் உள்ளே விடுவதில்லை என்பதைப் படித்துப் பார்த்து, ஒரு மனிதர்தான் அதற்குப் பொறுப்பேற்றிருக்கிறார்.